காய்கறிச் சேர்மங்களும் மூச்சுவழியின் இயற்கைத் தற்காப்பும்

காய்கறிகளிலும் கீரைகளிலும் இயல்பாக உள்ள சில வேதிச் சேர்மங்கள், மூக்கு முதல் நுரையீரல் வரையுள்ள மூச்சுவழியின் தற்காப்பு முறைகளுக்குத் துணைபுரியக்கூடும் என உயிர்வேதியியல், நோயெதிர்ப்பியல் ஆய்வுகள் காட்டுகின்றன. முட்டைக்கோசு, பூக்கோசு, முள்ளங்கி, கடுகு முதலிய கடுகுக் குடும்பத் தாவரங்களின் கந்தகச் சேர்மங்களும் இண்டோல்களும், கீரை, காரட், தக்காளி ஆகியவற்றின் கரோட்டினாய்டுகளும் இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்டவை.

இச்சேர்மங்கள் பெரும்பாலும் கிருமிகளை நேரடியாகக் கொல்வதில்லை. உடலின் சொந்தத் தற்காப்பை இயக்கும் மரபணுக்களுக்குக் குறிப்புத் தரும் பொருள்களாகவே இவை செயற்படுகின்றன. உயிரணு ஆய்வுகளிலும் விலங்காய்வுகளிலும் இதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. மனிதரில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை. காய்கறியாக உண்ணும்போது நன்மை தருவதாகக் கருதப்பட்ட ஒரு பொருள், மாத்திரையாகத் தரப்பட்டபோது புகைபிடிப்போருக்குத் தீங்கு விளைவித்ததும் உண்டு. ஆகவே இத்துறையில் அறியப்பட்டவற்றையும் மிகைப்படுத்தப்படுபவற்றையும் பிரித்தறிவது தேவையாகிறது.

மூச்சுவழியின் தற்காப்பு அமைப்பு

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அதனுடன் தூசு, புகைத்துகள், மகரந்தம், பாக்டீரியா, தீநுண்மம் ஆகியனவும் உட்செல்கின்றன. அவற்றைத் தடுக்க மூச்சுவழி பல அடுக்குக் காப்பைக் கொண்டுள்ளது.

முதல் அடுக்கு சளிப்படலம். மூக்கின் உட்புறத்தையும் மூச்சுக்குழாய்களையும் போர்த்தியுள்ள இப்படலத்தில் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அதன் அடியிலுள்ள உயிரணுக்களின் நுண்மயிரிழைகள் ஒரே திசையில் இடைவிடாது அசைந்து, சளியைத் தொண்டை நோக்கித் தள்ளுகின்றன. தொண்டையை அடையும் சளி நம்மை அறியாமலேயே விழுங்கப்படுகிறது அல்லது இருமி வெளியேற்றப்படுகிறது.

இரண்டாவது, சளியில் கலந்துள்ள காப்புப் பொருள்கள். லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற புரதங்களும், இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்பொருளும் இவற்றுள் அடங்கும். நுரையீரலின் உட்பரப்பை நனைக்கும் மெல்லிய நீர்மத்தில் குளூட்டாத்தயோன் என்னும் ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருள், குருதி நீர்மத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு செறிவாக உள்ளது.

மூன்றாவது, காற்று நுண்ணறைகளில் உள்ள பெருவிழுங்கிகள். சளியையும் மயிரிழைகளையும் தாண்டி ஆழத்திற்கு வந்துவிட்ட துகள்களையும் பாக்டீரியாக்களையும் இவ்வுயிரணுக்கள் விழுங்கி அழிக்கின்றன.

நான்காவது, தடுப்புச் சுவர். நுண்ணறையின் மேற்படலமும் அதையொட்டிய நுண்குழலிகளின் உட்படலமும் சேர்ந்து குருதியைக் காற்றிலிருந்து பிரிக்கின்றன. கடுமையான தொற்றின்போது இச்சுவர் கசிந்தால் நுண்ணறைகளுக்குள் நீர் சேர்ந்து மூச்சுத்திணறல் உண்டாகிறது.

தற்காப்பைக் குலைக்கும் புகை

புகையிலைப் புகை, விறகுப் புகை, வண்டிகளின் புகை ஆகியவை மேற்கூறிய நான்கு அடுக்குகளையும் பாதிக்கின்றன. புகையால் மயிரிழைகள் குறைந்து அசைவு தளர்கிறது, சளி மிகுகிறது, குளூட்டாத்தயோன் செலவழிகிறது, பெருவிழுங்கிகளின் விழுங்கும் திறன் குன்றுகிறது. நெடுநாள் தாக்கத்தின் விளைவாக நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் தோன்றுகிறது. 2016ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்நோயுடன் ஏறத்தாழ 5.53 கோடிப் பேர் வாழ்ந்ததாக, 2018இல் வெளியான நோய்ச்சுமை மதிப்பீடு கூறுகிறது.

இந்நோய் புகைபிடிப்போருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பீடி, சிகரெட்டைத் தொட்டறியாத பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவர்கள். எரிவளி அடுப்பு வந்தபின்னும் வெந்நீர் காய்ச்சவும், மாட்டுக்குத் தீவனம் வேகவைக்கவும் விறகு எரிக்கும் வீடுகள் உள்ளன. கரும்பு விளையும் இடங்களில், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் சக்கை எரிக்கும் அடுப்பினருகே வேலை செய்வோரும் புகையைச் சுவாசிக்கின்றனர். புகையால் தளர்ந்த தற்காப்பை உணவின்வழி ஓரளவேனும் மீட்க முடியுமா என்ற கேள்வி இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது.

முதன்மைச் சேர்மங்களும் செயற்படும் விதமும்

கந்தகச் சேர்மங்கள்

கடுகுக் குடும்பத் தாவரங்களில் குளுக்கோசினோலேட்டுகள் என்னும் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அதே தாவரத்தில் மைரோசினேசு என்னும் நொதியமும் தனி அறைகளில் இருக்கிறது. இலையை நறுக்கும்போதோ மெல்லும்போதோ அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அதனால் ஐசோதயோசயனேட்டுகள் உருவாகின்றன. பச்சை முள்ளங்கியின் காரமும் அரைத்த கடுகின் நெடியும் இவற்றால் வருவனவே. உண்மையில் இது பூச்சிகளிடமிருந்து தாவரம் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையாகும்.

இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது சல்ஃபோராஃபேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே தலைமையிலான குழு 1992இல் இதைப் பச்சைப் பூக்கோசிலிருந்து (ப்ரோக்கோலி) பிரித்தெடுத்து, நச்சுநீக்கும் நொதியங்களைத் தூண்டும் இதன் ஆற்றலை வெளியிட்டது. மூன்று நாள் வயதுடைய பச்சைப் பூக்கோசு முளைகளில் இதன் முன்பொருள் முற்றிய செடியில் உள்ளதைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருக்கக்கூடும் என்பதை அதே குழு 1997இல் கண்டது. பிற்கால ஆய்வுகள் பலவற்றில் முளைகளே பயன்படுத்தப்பட்டமைக்கு இதுவே காரணம்.

சல்ஃபோராஃபேன் செயற்படும் விதம் பின்வருமாறு. உயிரணுவுக்குள் என்ஆர்எஃப்2 என்னும் புரதம் உள்ளது. இயல்பு நிலையில் கீப்1 என்னும் மற்றொரு புரதம் இதைப் பிடித்துவைத்து, தொடர்ந்து சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சல்ஃபோராஃபேன் கீப்1 புரதத்துடன் வினைபுரிந்து அப்பிடியைத் தளர்த்துகிறது. விடுபட்ட என்ஆர்எஃப்2 உயிரணுக் கருவுக்குள் சென்று, குளூட்டாத்தயோனை உருவாக்கும் நொதியங்கள் உள்ளிட்ட பல காப்புப் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது. சல்ஃபோராஃபேன் சில மணி நேரத்தில் உடலை விட்டு நீங்கினாலும், அதனால் உருவான நொதியங்கள் அதைவிட நீண்ட நேரம் செயற்படுகின்றன.

என்ஆர்எஃப்2 நீக்கப்பட்ட எலிகளைச் சிகரெட்டுப் புகைக்கு உட்படுத்தியபோது, இயல்பான எலிகளைவிட அவற்றின் நுண்ணறைச் சுவர்கள் விரைவாகவும் கடுமையாகவும் சிதைந்தன என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. 2011இல், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட பெருவிழுங்கிகளுடன் சல்ஃபோராஃபேனைச் சேர்த்தபோது, அவை பாக்டீரியாக்களை விழுங்கும் திறனை ஓரளவு மீளப் பெற்றன. இது உடலுக்கு வெளியே, ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில் பரவலாக உண்ணப்படும் முருங்கையும் குளுக்கோசினோலேட்டு உடைய தாவரமே. அது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. ஆனால் அதே தாவர வரிசையைச் சேர்ந்தது. அதிலிருந்து உருவாகும் மோரிஞ்சின் என்னும் ஐசோதயோசயனேட்டும் உயிரணு ஆய்வுகளில் என்ஆர்எஃப்2 வழியைத் தூண்டியுள்ளது.

இண்டோல்கள்

கடுகுக் குடும்பக் காய்கறிகளிலிருந்து இண்டோல்-3-கார்பினால் என்னும் சேர்மமும் கிடைக்கிறது. இரைப்பையின் அமிலத்தில் இது வேறு சில பொருள்களாக மாறி, உயிரணுக்களில் உள்ள அரைல் ஐதரோகார்பன் ஏற்பியுடன் பிணைகிறது. டையாக்சின் என்னும் நச்சைப் பற்றிய ஆய்வுகளின்வழியே இவ்வேற்பி முதலில் அறியப்பட்டது. உணவிலிருந்து வரும் குறிப்புகளைக் கொண்டு உடலின் தடுப்புச் சுவர்களைப் பேணுவதும் அதன் பணி என்பது பின்னர் தெரியவந்தது. இத்தகைய பொருள்கள் இல்லாத உணவு தரப்பட்ட எலிகளின் குடற்சுவரில் காவல் உயிரணுக்கள் குறைந்துபோனதை 2011இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கண்டனர்.

நுரையீரலைப் பொறுத்தவரை, இலண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு முக்கியமானது. நுரையீரலின் குருதிக்குழல் உட்படல உயிரணுக்களில் இவ்வேற்பி செயற்பட்டால், இன்ஃப்ளுயென்சா தொற்றின்போது தடுப்புச் சுவர் கசிவது குறைகிறது என அது எலிகளில் காட்டியது. ஏற்பியைத் தூண்டும் பொருள்கள் நிறைந்த உணவை உண்ட எலிகளுக்கு நுரையீரல் சேதம் குறைவாக இருந்தது. நோயுற்ற எலிகள் உண்பதைக் குறைத்துக்கொண்டதால் அப்பாதுகாப்பும் குறைந்தது என்பது இவ்வாய்வின் மற்றொரு முடிவாகும். மனிதரில் இது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

கரோட்டினாய்டுகள்

காரட், பூசணி, முருங்கைக்கீரை, அரைக்கீரை போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றப்படுகிறது. இச்சத்து குறைந்தால் கண் மட்டுமின்றி மூச்சுவழியும் பாதிக்கப்படும். சளி சுரக்கும், மயிரிழையுடைய உயிரணுக்கள் மறைந்து, அவற்றின் இடத்தில் தோல்போல் கடினமான உயிரணுக்கள் தோன்றுவதை வோல்பாக், ஹோவ் ஆகியோர் 1925இலேயே எலிகளில் விளக்கினர். காய்கறிச் சத்துக்கும் மூச்சுவழித் தற்காப்புக்கும் உள்ள தொடர்புகளில் மிக உறுதியாக நிறுவப்பட்டது இதுவே. இது குறைபாட்டை ஈடுசெய்வது பற்றியது. போதுமான சத்து உள்ளவர் மேலும் உட்கொள்வதால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்பது இதன் பொருளன்று.

கசப்புணர் ஏற்பிகள்

நாக்கில் கசப்பை உணரும் டி2ஆர்38 என்னும் ஏற்பி, மூக்கின் மேற்படலத்திலும் உள்ளது. கடுகுக் குடும்பக் காய்கறிகளில் உள்ள சில பொருள்களின் கசப்பை உணர்வதும் இதுவே. மூக்கில் இது சில பாக்டீரியாக்கள் வெளியிடும் பொருள்களை உணர்ந்து, நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்து, மயிரிழைகளின் அசைவை விரைவுபடுத்துகிறது என 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு கண்டது. எனினும் கசப்பான காய்களை உண்பதால் மூக்கிலுள்ள ஏற்பி தூண்டப்படும் என்று இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது.

மனிதரில் நடந்த ஆய்வுகள்

சாதகமான முடிவுகள்:

- 2009இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக (லாஸ் ஏஞ்சலஸ்) ஆய்வில், 65 பேருக்குப் பச்சைப் பூக்கோசு முளைக் கூழ் மூன்று நாட்கள் தரப்பட்டது. அளவு கூடக்கூட, மூக்கைக் கழுவி எடுத்த உயிரணுக்களில் காப்பு நொதியங்களின் மரபணுச் செயற்பாடும் கூடியது.
- 2014இல், 29 பேர் நான்கு நாட்கள் முளைச் சாற்றை அருந்திய பின் அவர்கள் மூக்கில் டீசல் புகைத்துகள் செலுத்தப்பட்டது. அழற்சியைக் காட்டும் வெள்ளையணுக்களின் பெருக்கம் 54 விழுக்காடு குறைந்தது.
- அதே ஆண்டில், சீனாவின் சீதோங் பகுதியில் 291 பேர் பங்கேற்ற 12 வாரச் சோதனையின் முடிவு வெளியானது. முளைப் பானம் அருந்தியோரின் சிறுநீரில், காற்று மாசிலுள்ள பென்சீனின் கழிவு 61 விழுக்காடும் அக்ரோலீனின் கழிவு 23 விழுக்காடும் மிகுதியாக வெளியேறின.

பாதகமான முடிவுகள்:

- 2016இல் வெளியான சோதனையில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 89 பேருக்கு நான்கு வாரங்கள் சல்ஃபோராஃபேன் அல்லது வெற்று மருந்து தரப்பட்டது. நுரையீரல் உயிரணுக்களில் என்ஆர்எஃப்2 வழி மரபணுக்கள் தூண்டப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ட பயன் நோயாளியின் உடலில் தோன்றவில்லை.
- ஆஸ்துமா உள்ள 40 பேர் மூன்று நாட்கள் முளைகளை உண்ட மற்றோர் ஆய்விலும் (2016) மூச்சுவழி அழற்சி குறையவில்லை.

இம்முடிவுகளை ஒருங்கே நோக்கும்போது, ஓரளவு நலமாக உள்ளவர்களின் மூக்கில் விளைவுகள் தென்படுகின்றன. நோய் முற்றிய நுரையீரலில் தென்படவில்லை. மேலும் இவை பெரும்பாலும் சில நாட்களே நீடித்த, சிறிய ஆய்வுகள். செறிவான முளைச் சாற்றைக்கொண்டு நடத்தப்பட்டவை. வீட்டில் உண்ணும் ஒரு கரண்டிப் பொரியலுக்கு இவற்றின் எண்களை அப்படியே பொருத்துதல் தவறாகும்.

பீட்டா கரோட்டின் மாத்திரைகள் தந்த படிப்பினை

காய்கறி மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், அதற்குப் பீட்டா கரோட்டினே காரணமாகலாம் எனக் கருதினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் சேர்க்கப்பட்ட சோதனையில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றோருக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக ஏற்பட்டது (1994). அமெரிக்காவில் புகைபிடிப்போர், முன்பு புகைபிடித்தோர், கல்நார்த் தொழிலாளர் என 18,314 பேரிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டினும் உயிர்ச்சத்து ஏ-யும் சேர்த்துப் பெற்றோருக்கு அந்நோய் 28 விழுக்காடு கூடியதால், 1996 சனவரியில் அது குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்தப்பட்டது.

காய்கறியில் ஒரு சேர்மம் தனித்து வருவதில்லை. நார்ச்சத்து, உப்புகள், பிற நூற்றுக்கணக்கான சேர்மங்கள் ஆகியவற்றுடன் சிறிய அளவில் வருகிறது. ஒன்றை மட்டும் பிரித்துப் பெரிய அளவில் தருவது வேறு செயல் என்பதே இச்சோதனைகளின் படிப்பினை. காரட்டையோ கீரையையோ உண்பதால் இத்தீங்கு நேர்ந்ததாகச் சான்று இல்லை.

பாலக்கோடும் தக்காளியும்

தருமபுரி மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்றான பாலக்கோடு, தக்காளிச் சாகுபடிக்கும் தக்காளிச் சந்தைக்கும் அறியப்பட்ட ஊர். இங்கிருந்து தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் தக்காளி செல்கிறது. வரத்து மிகுந்து விலை வீழும் காலங்களில், பறிப்புக் கூலிக்கும் கட்டுப்படியாகாமல் பழங்கள் வயலிலேயே விடப்படுவதும் உண்டு. எனவே உணவும் மூச்சுவழியும் பற்றிய ஆய்வுகளுள் தக்காளி தொடர்பானது இவ்வட்டாரத்திற்கு நேரடிப் பொருத்தமுடையது.

தக்காளியின் சிவப்பு நிறத்திற்குக் காரணமான லைக்கோபீன் ஒரு கரோட்டினாய்டு. ஆனால் அது உயிர்ச்சத்து ஏ ஆக மாறுவதில்லை. ஆசுத்திரேலியாவில் ஆஸ்துமா உள்ள 137 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு பிரிவினர் நாள்தோறும் ஐந்து பங்கு காய்கறியும் இரண்டு பங்கு பழமும் உண்டனர். மற்றவர்கள் இரண்டு பங்குக்கு மிகாத காய்கறியும் ஒரு பங்கு பழமும் உண்டனர். இரண்டே வாரங்களில், குறைவாக உண்டவர்களின் மூச்சுத்திறன் அளவுகள் தாழ்ந்திருந்தன. அடுத்து வந்த வாரங்களில் அவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு 2.26 மடங்காக இருந்தது. குறைவாக உண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் லைக்கோபீன் கொண்ட தக்காளிச் சாரம் மாத்திரையாகத் தரப்பட்டது. அதனால் எவ்வித மாற்றமும் ஏற்படவில்லை. பீட்டா கரோட்டின் சோதனைகளைப் போன்றே, காய்கறி நிறைந்த உணவின் பயனை ஒற்றைச் சாரத்தால் ஈடுசெய்ய முடியவில்லை.

இந்நோக்கில், கேழ்வரகுக் களியுடன் கீரைக்குழம்போ தக்காளி சேர்ந்த குழம்போ, முருங்கையோ முள்ளங்கியோ சேரும் தருமபுரி வட்டார உணவுமுறை, விலையுயர்ந்த முளைச் சாறு எதுவும் இன்றியே மேற்கூறிய சேர்ம வகைகள் பலவற்றை வழங்கவல்லது.

சமைக்கும் முறையின் பங்கு

சேர்மத்தைப் பொறுத்து உகந்த சமையல் முறை மாறுபடுகிறது.

- முட்டைக்கோசு, பூக்கோசு முதலியவற்றை நீண்ட நேரம் வேகவைத்தால் மைரோசினேசு நொதியம் அழிகிறது. வடித்த நீருடன் குளுக்கோசினோலேட்டுகளும் வெளியேறுகின்றன. குடல் பாக்டீரியாக்கள் எஞ்சியவற்றில் ஒரு பகுதியை மாற்றவல்லவை எனினும் கிடைக்கும் அளவு குறைவே. நறுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து, பின் குறைந்த நேரம் ஆவியில் வேகவைப்பது நல்லது.
- கடுகிலும் மைரோசினேசு உள்ளது. வெந்த பச்சைப் பூக்கோசுடன் கடுகுப்பொடி சேர்த்து உண்டபோது, உடலில் சேர்ந்த சல்ஃபோராஃபேன் நான்கு மடங்குக்கு மேல் கூடியதை 2018இல் வெளியான சிறிய ஆய்வு காட்டியது. இதற்கு வறுக்காத கடுகின் பொடியை, சமைத்து இறக்கிய பின் சேர்க்க வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் தாளித்த கடுகில் இந்நொதியம் செயலிழந்துவிடும்.
- தக்காளி, காரட், கீரை ஆகியவற்றுக்கு இது நேர்மாறானது. சிறிது எண்ணெயுடன் வேகவைத்தால் கரோட்டினாய்டுகள் எளிதில் உட்கிரகிக்கப்படுகின்றன.

விறகடுப்பில் சமைக்கும் வீட்டில், சமையலின்போது எழும் புகையே காய்கறியால் கிடைக்கும் பயனை விஞ்சிவிடக்கூடும். புகைபோக்கி, காற்றோட்டம், புகையற்ற எரிபொருள் ஆகியவற்றுக்கு உணவு மாற்றாகாது.

கவனிக்க வேண்டியவை

- உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழங்களைப் பரிந்துரைக்கிறது. கிழங்குகள் இதில் சேரா.
- ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளை உணவை நம்பி நிறுத்தக்கூடாது. உறிஞ்சு மருந்தை நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம்.
- புகைபிடிப்போரும் முன்பு புகைபிடித்தோரும் மிகுந்த அளவு பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.
- குருதி உறைவைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்வோர், உயிர்ச்சத்து கே மிகுந்த கீரைகளின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.
- சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் மிகுந்த காய்கறிகள் குறித்தும், தைராய்டு நோயாளிகள் பச்சை முட்டைக்கோசு போன்றவற்றை மிகுதியாக உண்பது குறித்தும் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.
- இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் குருதி, மூச்சுத்திணறல் ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- மூச்சுத் தொகுதி
- நோயெதிர்ப்பு அமைப்பு
- நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்
- கரோட்டினாய்டு
- முருங்கை
- தக்காளி
- பாலக்கோடு